மூட்டை காணாத தூய்மை முத்திரை

நலமே விளைக. அருவி வற்றாத நாட்டை அறம் வற்றாது ஆளும் வெள்ளருவிப் பெருங்கோவின் ஆணை பெற்று, வணிக அமைச்சர் பொற்காவிதி மாறேயன், மலைக்கோட்டத் தலைவரும் மேல்மலைப் பெருந்தோட்டம் உடையவருமான கடம்பனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் தெளிக. தங்கள் கோட்டத்து மிளகு காரம் குன்றாதிருக்க.

தாங்கள் அறிந்ததே எனினும் முறையாக உரைப்போம். மிளகில் ஏறிய நஞ்சை நாவும் மூக்கும் அறியா. கடல் கடந்து வாங்குவோன் நம் மலையேறிப் பார்க்கவும் மாட்டான். பூச்சி கொல்லப் பாடாணம் கரைத்த நஞ்சுநீர் தெளிக்காது விளைந்தது இது என்று காட்ட, பெருங்கோவின் தூய்மை முத்திரையே அவனுக்குக் கண். அக்கண்ணுக்காகவே இரட்டை விலை தருகிறான்.

அம்முத்திரையை விரும்பினாள் தங்கள் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் சிறுதோட்டம் வைத்திருந்த கொற்றி. நஞ்சு தொட்டறியாதவள். மண்ணின் பழைய நஞ்சு கழிய மூன்று விளைச்சல் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நஞ்சே விழாத மண்ணுக்கு எதற்குக் காத்திருப்பு என்று அவள் கேட்க, விதி மண்ணைப் பார்ப்பதில்லை என்றாராம் சோதனை அலுவலர் சேந்தனார். காத்திருந்தாள். ஆண்டுதோறும் அவர் பல்லக்குத் தூக்கிகளுக்குச் சோறிட்டாள். பல்லக்கு பெருந்தோட்டத்துக்கு வந்தாலும் சிறுதோட்டத்துக்கு வந்தாலும் தூக்குவோரின் பசி ஒன்றே.

பின்பு இடைவெளி விதி வந்தது. மேற்சரிவுத் தோட்டங்களில் தெளிக்கும் நஞ்சு மழையில் இறங்குமாதலால், தூய தோட்டத்தார் எல்லையோரம் ஒரே அளவான நிலப்பட்டை விட வேண்டும். அப்பட்டையின் மிளகு முத்திரைக்கு ஆகாது. சேலைக்கும் கைத்துணிக்கும் ஒரே அகலத்தில் கரை மடித்தால், சேலை சேலையாகவே இருக்கும். கைத்துணியில் துணி மிஞ்சாது. கொற்றியின் தோட்டம் கைத்துணி.

பட்டையின் மிளகைத் தனியே பறித்துத் தனியே உலர்த்தி, முத்திரையின்றி விற்கலாம். ஆனால் அவளுக்கு உலர்த்த ஒரே பாறைதான் இருந்தது. ஒரு மணி உருண்டு கலந்தாலும் அரசர் முத்திரை பொய் சொல்லும் என்று அஞ்சி, பட்டையில் நின்ற கொடிகளை அவை படர்ந்த முருக்க மரங்களோடு வெட்டினாள். கொற்றி கொடியை விற்று வேலி வாங்குகிறாள் என்று ஊரார் நகைத்தனர்.

முத்திரை அச்சு அவள் கைக்கு வந்தது. மிஞ்சிய கொடிகளின் மிளகோ அரை மூட்டைக்கும் எட்டவில்லை. நிறைந்த மூட்டையின் வாயில் மட்டுமே முத்திரை பதியும். அதை முன்னரே சொல்லலாகாதா என்று எம் தூதர் வினவியதற்கு, அவள் கேட்கவில்லையே என்றார் சேந்தனார்.

தோட்டத்தை விற்றாள். வாங்கியவர் தாங்கள். இன்று அங்கே நஞ்சுநீர் தெளிக்கும் கூலியாள் அவளே. அவள் உள்ளங்கைத் தோல் தடித்து வெடித்திருப்பதை எம் தூதர் கண்டார்.

ஆகவே பெருங்கோவின் கட்டளை: இனி இடைவெளிப் பட்டையை நஞ்சு தெளிப்பவரே தம் நிலத்தில் விடுக, முதற்கண் தாங்கள் விடுக. அடுத்தடுத்த சிறுதோட்டங்களை ஒன்றெனக் கொண்டு, ஒரே சோதனையும் பொது மூட்டையும் அமைக. சோதனைக்கு வருவோரின் சோற்றுச் செலவு அரண்மனையைச் சேர்க. கொற்றியின் நிலத்தை அவளுக்கே மீட்டளித்து, மருத்துவரை அனுப்புக.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. அந்த மண்ணுக்கு மூன்று விளைச்சல் காத்திருப்பு இப்போது உண்மையாகவே தேவை. இதைத் தூதர் தெரிவித்தபோது, மண் தேறிவிடும் ஐயா, இந்தக் கையைப் பாருங்கள் என்றாளாம். பின் முத்திரையை அவரிடமே திருப்பித் தந்தாளாம்.

இவ்வோலைக் கட்டின் முடிச்சில் அரசர் இலச்சினைக்கு அருகே பதிந்திருப்பது அதுவே. இதற்கு முன் அது எதன்மீதும் பதிந்ததில்லை. கண்டு, உடைத்து, கட்டளையை நிறைவேற்றுக.