இரண்டு சீட்டுக்கு நடுவில் ஒரு பெட்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு அதுதான் முதல் நினைப்பு. இங்கே நானும் அப்பாவும் நலம், காரும் நலம். காரை எதற்குத் தனியாகச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். நீ அனுப்பி வைத்த ஆள் நேற்று வந்தார், காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். விற்பதாக இல்லை என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. என் காரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விலை பேசியது நீ. போனில் இதைச் சொல்லலாம் என்றால், நான் இரண்டு தடவை என்ன என்ன என்று கேட்டதும் அப்பாவிடம் கொடு என்பாய், அப்புறம் நீங்கள் இரண்டு பேருமே பேசி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது பார், கடைசி வரி வரைக்கும் நீதான் படித்தாக வேண்டும்.

பிரேக் விஷயத்தை அப்பா உன்னிடம் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை, நடந்தது நடந்ததுதான். ஆனால் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். முழுசாக நான் சொல்கிறேன், கேள். காது மிஷினைப் போட்டால் வீட்டில் ஓரளவு சமாளிக்கிறேன், எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும். காரில் அது உதவாது, எஞ்சின் சத்தமும் ரோட்டுச் சத்தமும் சேர்ந்து மண்டைக்குள் அரைக்கிறது. சாலையைப் பார்த்து ஓட்டுகிறவள் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாது. ஓட்டலாமா என்று நீ கவலைப்பட வேண்டாம், கண் டாக்டரும் காது டாக்டரும் தாராளமாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்காதது அப்பா பேச்சு மட்டும்தான். உனக்குத் தெரியாததா, காலமெல்லாம் பஸ் கண்டக்டராக நின்றவர், சக்கரம் உருண்டால்தான் அவருக்கு நாக்கு உருளும். வீட்டுக்குள் வந்தால் பேப்பரை விரித்துக்கொண்டு உம் கொட்டுகிற ஆள். எங்கள் குடும்பமே அந்தக் காரில்தான் நடந்தது, நான் ஓட்டுவேன், பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வம்பு முழுக்க அவர் அளப்பார். உனக்குப் பெண் பார்த்த கதைகூட அங்கேதான் முதலில் பேசினோம். என் காது மங்க மங்க, நான் என்ன என்று திருப்பிக் கேட்டால், ஒண்ணுமில்ல விடு என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த ஒண்ணுமில்ல விடு இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு முழுச் செவிடாக இருந்துவிடலாம். கடைசியில் சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டாயா, கேஸ் மூடினாயா, அவ்வளவுதான் பேச்சு. எனக்குத் தகவல் வந்தது, கதை வரவில்லை.

அதனால்தான் ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அப்பா சட்டைக் காலரில் குத்த ஒரு சின்ன மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், கொஞ்சமாவது கேட்கிற என் இடது காதுப் பக்கம் வைக்க ஒரு ஸ்பீக்கர், இவ்வளவும் அவர் கொடுத்தார். சத்தம் அருமையாக வந்தது. ஆனால் எதையும் பொருத்த இடமில்லை, சீட்டுக்கு நடுவில் சும்மா வைத்திருந்தோம். ஒரு வளைவில் ஆம்ப்ளிஃபையர் வழுக்கி என் காலடிக்கு வந்து பிரேக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரம் கட்டினேன், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நீ உடனே காரை விற்கக் கிளம்பிவிட்டாய். பொருள் வழுக்கினால் பொருளைக் கட்டிப்போட வேண்டும், என்னை ஏன் கட்டிப்போட வேண்டும்?

நம் பக்கத்துத் தெருவில் உடைந்த பம்பர் ஒட்டுகிறவர் இருக்கிறார் அல்லவா, அவரிடம் கேட்டேன். கார் உள்ளே எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே ஃபைபர் கிளாஸில் வார்த்துப் பெட்டி செய்யலாம், ஆணியடித்தது போல நிற்கும் என்றார். அவரே செய்து தருவார், ஆனால் கைநிறைய வேலை, ஆறப் போடுவார் என்று தோன்றியது. சொல்லிக் கொடுங்கள், நானே செய்கிறேன் என்றேன். நாற்பது வருஷம் பிளவுஸ் தைத்தவளுக்கு ஒரு பெட்டிக்கு உடம்பளவு எடுக்கத் தெரியாதா? இரண்டு சீட்டுக்கும் நடுவே கார்ப்பெட் தெரியாமல் டேப் ஒட்டி, மேலே மெழுகு தடவி, கண்ணாடி நார்ப் பாயைத் துண்டு துண்டாக விரித்து, ரெசின் என்கிற பசையை பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி ஊற வைத்தேன். முதல் கிண்ணத்தில், பசையை இறுக வைக்கக் கலக்கிற ஹார்டனர் கூடிப்போய் அது என் கையிலேயே புகைந்தது, வாளித் தண்ணீரில் போட்டேன். வாடையோ சொல்லி முடியாது, மேல் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து வாயை வாயை அசைத்தாள். காது மிஷினைக் கழற்றி வைத்திருந்ததால் நிம்மதியாகச் சிரித்துத் தலையாட்டிவிட்டேன். நார் பட்டுக் கையெல்லாம் அரிப்பு, நீள கையுறை போட்டு முகமூடி கட்டிக்கொண்டுதான் செய்தேன், அதற்கும் நீ பயப்படாதே. அடிப்பாகம் காய்ந்ததும் அப்படியே கழன்று வந்தது பார், கார் தரையின் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அதன்மேல் ஸ்பீக்கருக்கு என் தோள் உயரத்தில் ஒரு மர வளையம் நிறுத்தி, இழுபடுகிற துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினேன், ரெசின் பூசிக் காய்ந்தால் அதுவே பெட்டிக்குச் சுவர். அந்த வேலையைப் பார்த்துப் பம்பர்காரரே பலே என்று தலையை ஆட்டினார்.

பெருமை அங்கேதான் வழுக்கிவிட்டது. பின்பக்கம் ஆம்ப்ளிஃபையரை நுழைக்கிற வாயில் துணி ஓரத்தை வெட்டாமல், பழக்க தோஷத்தில் இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்துவிட்டு அதன்மேலேயே ரெசின் பூசிவிட்டேன். பிளவுஸுக்கு உள்ளே துணி விடுவதில்லையா, பிற்பாடு தேவைப்பட்டால் பிரித்துவிட, அந்த எண்ணம்தான். காய்ந்து கல்லாகிவிட்டது, வாய் குறுகிப்போய் ஆம்ப்ளிஃபையர் உள்ளே போகவே இல்லை. பம்பர்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏம்மா, இதை யாரு பிரிச்சுவிடப் போறாங்க, காருக்கு ஒடம்பு ஏறுமா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் ரம்பத்தை வாங்கி இரண்டு பக்கத்தை நானே அறுத்தேன். மீதி இரண்டு பக்கத்து மடிப்பை விட்டுவைத்தேன், மூடியைத் திருகி முடுக்க ஓரம் வேண்டுமே, அது வசதியாகப் போய்விட்டது. அப்புறம் அவர் சிரிக்கவில்லை. பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சூடு வெளியே போகக் காஜா எடுப்பது போல வரிசையாகத் துளை போட்டு, கரும்பச்சை ரெக்சினை இரட்டைத் தையலில் போர்த்தினேன். நாலு போல்ட்டில் நிற்கிறது. அப்பா முழு பலத்தோடு உதைத்தும் பார்த்துவிட்டார், கால்தான் வீங்கியது.

முதல் தடவை வண்டியை எடுத்தபோது அவர் மைக்கைக் குத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பாலம் தாண்டிய பிறகு தொண்டையைச் செருமினார், அந்தச் செருமல்கூட எனக்குக் கேட்டது, கண் கலங்கிவிட்டது. அப்புறம் மென்று முழுங்கி மெதுவாகச் சொல்கிறார், உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன், பையன் கார வித்துடலாம்னான், நான் சரின்னுட்டேன், ஆள் வரப்போறான், நாம அவன் வீட்டுக்கே போயிடலாம்னும் சொல்லிட்டேன் என்று. ஓரமாக நிறுத்தினேன். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் நடைபாதையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவரும் விடவில்லை, உன்னைய வெச்சிக்கிட்டு எனக்குப் பயமா இருக்குடி, அன்னைக்கு பிரேக் புடிக்கலன்னதும் உசுரே போயிடுச்சு, உனக்கு எதாவது ஒண்ணுன்னா நான் யார்கிட்ட பேசுவேன் என்று கத்தினார். என்கிட்ட பேசவே இல்லையே நீங்கள், பேசாமல் எதைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நானும் கத்தினேன். ஒரு சொல் தவறாமல் எல்லாம் கேட்டது கண்ணா. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகச் சண்டை போட்டோம். அழுதுவிட்டு, சிரித்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியெல்லாம் ஓயாமல் பேசினார், தலைவலியே வந்துவிட்டது.

ஆகவே முடிவைச் சொல்லிவிடுகிறேன். காரை விற்கவில்லை. உன் வீட்டுக்கு வருவோம், பேத்தியைக் கொஞ்சுவோம், திரும்பி வந்துவிடுவோம். அங்கேயே தங்க மாட்டோம். நீ பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் காது கேட்காதவளுக்கு வாயும் இல்லை என்று நீங்கள் இரண்டு பேருமாக முடிவு கட்டிவிட்டீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மருமகளுக்கு இருமல் விட்டதா? ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, சின்னக்குட்டி பல் முளைக்கிற சமயம், கண்டதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். மூவரும் நீடூழி, நிறைவாக வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, போனையும் அந்தப் பெட்டியில் இணைத்தாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசலாம். இனி அப்பாவிடம் கொடு என்று சொல்லாதே. திட்டுவதாக இருந்தாலும் என் காதிலேயே திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா