அண்ணன் வண்டிக்குக் கரண்ட்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பெரியவனுக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், இப்போது தேவலையா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உங்கள் சின்னவன் நேற்று எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். "அத்தை, நம்ம ட்ரெய்லருக்குக் கரண்ட் வந்தாச்சு" என்று கீழே ஒரு வரி. பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டியின் இடது பக்கத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து, மூடி போட்ட கறுப்பு சாக்கெட் ஒன்றைப் பதித்திருக்கிறீர்கள். அதிலிருந்து தடியான ஒயர் ஒன்று மலைப்பாம்பு மாதிரித் தொங்குகிறது. போனைத் தூக்கிப் படுக்கையில் எறிந்தேன், அண்ணி.

அண்ணன் அந்தத் தகட்டுக்கு ரிவெட் அடித்தபோது, காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அச்சை உயர்த்தி, ஜீப் சக்கரம் மாட்டி, பாறை மேல் ஏறினாலும் அடி தட்டாதபடி காருக்குப் பின்னால் இழுத்துப்போய்க் காட்டில் தங்குவதற்கென்றே அங்குலம் அங்குலமாகக் கட்டினார். கரண்ட் கம்பமே கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும் என்றுதானே கட்டினார்? ஒரு பேட்டரி, மூடி மேல் ஒரு சோலார் தகடு, அவ்வளவுதான். "கம்பத்துக்குப் பக்கத்துல படுக்கறதுக்கு வீட்டுலயே படுக்கலாமே" என்பார். அவர் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் வண்டியை, மாட்டைக் கட்டுவது போலக் கம்பத்தில் கட்டிவிட்டீர்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்த சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அதே மாதிரித் தகட்டால் மூடச் சொல்லுங்கள். இரும்புப் பெட்டிக்குள் கரண்ட் விடுவது ஆபத்து என்று எங்கள் வீட்டுக்காரரும் சொல்கிறார். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் என்று எழுத வந்தேன். இல்லை, கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள்
வாலு

மார்ச் 14

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரியவனுக்குச் சளி விட்டுவிட்டது, இருமல் மட்டும் பாக்கி.

உன் வீட்டுக்காரரைப் பயப்பட வேண்டாம் என்று சொல். வேலை செய்தது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். கரண்ட் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார். எங்கே துளி கரண்ட் கசிந்தாலும் கண்ணிமைப்பதற்குள் அது விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். "எர்த் சரியா இல்லைன்னா மொத்த வண்டியும் ஷாக் அடிக்கும்மா, அதுல நான் விளையாட மாட்டேன்" என்று வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து எர்த் கொடுத்திருக்கிறார். கரடுமுரடான ரோட்டில் குலுங்குகிற வண்டி, ஒற்றைக் கம்பி என்றால் முறிந்துவிடும் என்று பல இழை ஒயராகப் போட்டிருக்கிறார். உள்ளே இரண்டு பிளக், பேட்டரிக்கு ஒரு சார்ஜர். சோலாரையும் யாரும் தொடவில்லை.

இனி என் கோபம்.

உன் அண்ணன் கட்டிய வண்டி என்கிறாய். அதில் பாதி இரும்பு, பாதி துணி. மேலே விரிகிற கூடாரம், பக்கவாட்டுப் பந்தல், வலை போட்ட ஜன்னல், இதெல்லாம் யார் தைத்தது? ஊசி உடைய உடைய, கட்டைவிரல் வீங்க வீங்க, பெரியவனை வயிற்றில் வைத்துக்கொண்டு தைத்தவள் நான். இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலிருந்தாவது "அண்ணி தைத்தது" என்று வந்திருக்கிறதா? உன் அண்ணன் வாயிலிருந்தும் வரவில்லை.

அந்தப் பயணங்களைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்ன கதைகள். நட்சத்திரம், ஆற்றுச் சத்தம், தனிமை. பேட்டரி யாருக்காக ஓடியது தெரியுமா? அவர் பிடித்த மீனை வைக்கிற ஐஸ் பெட்டிக்கும், அவருடைய ரேடியோவுக்கும். உள்ளே குழந்தைக்காக நான் ஃபேனைப் போட்டால், வெளியே காற்றாடக் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர் குரல் கொடுப்பார்: "ஃபேனை அணை, பேட்டரி இறங்கிடும்." பிள்ளை காய்ச்சலில் அனலாகக் கிடந்தபோதும் அதே குரல்தான். அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினேன், வாலு. திரும்பி வந்ததும் கெடாத மீனைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினீர்கள்.

இப்போது கரண்ட் எனக்கு வேண்டும். என் பெரிய தையல் மிஷினுக்கு வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குகிற கேம்ப் மைதானங்களில் காற்றடித்தால் எத்தனை பேருடைய பந்தல் கிழிகிறது தெரியுமா? சனி ஞாயிறுகளில் வண்டியோடு போய், அங்கே வாடகைக்குக் கரண்ட் விடுகிற கம்பத்தில் ஒயரை மாட்டி, அங்கேயே தைத்துக் கொடுக்கிறேன்.

தகட்டை மூட மாட்டேன்.

உன் அண்ணி

மார்ச் 25

அண்ணிக்கு,

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை என்கிற தைரியத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? ஊரில் எத்தனை பேர் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறார்கள்! எங்கள் அண்ணன் செய்த குற்றம் ஃபேனை அணைக்கச் சொன்னது. அவ்வளவு கஷ்டம் என்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே? வாயைத் திறக்காமல் கூடவே போய்விட்டு, ஆள் போன பிறகு கணக்குத் தீர்க்கிறீர்கள்.

கண்டவர்களின் கூடாரத்துக்கு ஒட்டுப் போடவா அவர் ராப்பகலாக வெல்டிங் செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டார்? நாலு பேர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து நீங்கள் தைக்க வேண்டிய அவசியம் என்ன? பெரியவன் சம்பாதிக்கிறான், நாங்கள் இருக்கிறோம்.

ஏப்ரலில் இவருக்கு லீவு. வருகிறோம். வண்டியை இழுத்துக்கொண்டு போகப் போகிறோம். அதைக் கட்டியதில் எனக்கும் பங்கு உண்டு.

வாலு

ஏப்ரல் 2

வாலு,

தாராளமாக வா. வண்டிப் பூட்டின் சாவி பக்கத்து வீட்டு டீச்சரிடம் இருக்கும். நீ வரும் நாளில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். இருந்தால் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவேன்.

மிஷினை இறக்கிவிட்டேன். துணி முழுவதையும் கழற்றி என் அறையில் மடித்து வைத்துவிட்டேன். உன் அண்ணன் கட்டியது மட்டும் வாசலில் நிற்கிறது. அதை ஒரு ஆணி குறையாமல் எடுத்துக்கொண்டு போ.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டிருந்தாய். சொன்னேன். உன்னிடமே சொன்னேன், உன் கல்யாணத்துக்கு முன்னால், சமையலறையில் நின்றுகொண்டு. "அண்ணி, அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான், விட்டுடுங்களேன்" என்றாய்.

விட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணிக்கு,

எடுத்துக்கொண்டு போன வண்டியை மறுநாளே உங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டோம். டீச்சர் சொல்லியிருப்பார். ஏன் என்று நான் சொல்ல வேண்டும்.

போகிற வழியில் ஏரிக்கரை மைதானத்தில் தங்கலாம் என்றார் இவர். காரிலிருந்து வண்டியை அவிழ்த்தோமோ இல்லையோ, ஒரு ஆள் கிழிந்த பந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"தையலம்மா வண்டிதானே இது? அம்மா எங்க?"

"இது எங்க அண்ணன் வண்டி" என்றேன், சுள்ளென்று.

"அப்படியா? அண்ணன் நல்லாத் தைப்பாரா?"

இவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு மாலை வரை நான் இவரோடு பேசவில்லை. அதற்குள் மைதானத்து வாட்ச்மேன் வந்தார். அந்த மனிதருக்கு என் மேல் என்ன கோபம்! "அந்தம்மா இந்த வாரம் வர்றேன்னு சொல்லிட்டுப் போனாங்க. காலையிலிருந்து நாலு குடும்பம் காத்துட்டு இருக்கு. வண்டிய மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க, அவங்கள எங்க விட்டீங்க?" என்று போலீஸ்காரர் மாதிரிக் கேட்கிறார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்குச் சற்றுப் படுக்கலாம் என்று மூடியைத் தூக்கினோம். தலைக்கு மேல் வெறும் வானம். சுவரில்லை, நிழலில்லை, உட்காரக்கூட ஒரு மறைவு இல்லை. இரண்டு சக்கரம் வைத்த இரும்புத் தொட்டி, அவ்வளவுதான். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் தின்றார். நான் அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இதற்குத்தானா இப்படிச் சண்டை போட்டோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் ரிவெட்டுகள் எல்லாம் அழகாக, வரிசையாக இருந்தன. ஆனால் அதில் ஒரு மனுஷர் இருக்க முடியாது.

சமையலறையில் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

இன்னும் எனக்குக் கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுதுவீர்களா?

உங்கள்
வாலு

மே 5

அன்புள்ள வாலுக்கு,

வண்டி பத்திரமாக இருக்கிறது. சாக்கெட் மூடியைத் திறந்து போட்டபடியே மண் ரோட்டில் இழுத்திருக்கிறாய். உள்ளே ஒரு கை புழுதி. எலக்ட்ரீஷியன் வந்து ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, "யாரும்மா இதை இழுத்துட்டுப் போனது?" என்று முறைத்தார். "நாத்தனார்" என்றேன். மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

துணியை மறுபடி மாட்டியாயிற்று. அந்த நாலு குடும்பத்துக்கும் போய்த் தைத்துக் கொடுத்துவிட்டேன். வாட்ச்மேன் உன்னைப் பற்றி என்னிடம் புகார் சொன்னார். "அவளும் நம்ம ஆள்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எரிச்சலாகவும் இருந்தது.

நாலு பேர் பார்க்க உட்கார்ந்து தைக்க என்ன அவசியம் என்று கேட்டாயே, அதற்கு இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, வாலு. வேறு அவசியம் வேண்டுமா?

ஜூன் மாதம் ஏரியில் காற்றுக் காலம். அங்கேயே கொஞ்ச நாள் தங்கப் போகிறேன். துணி கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் அவசரக்காரர்கள், மீதிப் பேர் பேரம் பேசுகிறவர்கள். தைத்துக்கொண்டே அவர்களோடு மல்லுக்கு நிற்க என்னால் முடியவில்லை. அதற்கு உன் வாய் வேண்டும். வருகிறாயா?

வந்தால், உன் அண்ணனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேசலாம். நல்லதையும் சொல்வேன், மற்றதையும் சொல்வேன். இரண்டையும் நீ உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் எழுந்து போகக் கூடாது. முடியும் என்றால் மட்டும் வா.

ஒன்று உனக்கு எழுதவில்லை. கோபத்தில் இருந்தேன், சொல்லப் பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் முதல்முறை கம்பத்தில் ஒயரை மாட்டிவிட்டு, உள்ளே வந்து ஃபேனைப் போட்டேன். பழக்கதோஷத்தில் சட்டென்று வெளியே திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் அதட்டவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. ஃபேனை அணைத்துவிட்டுப் புழுக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேர்த்துக் கொட்டியது. அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது.

அப்புறம் எழுந்து போட்டுக்கொண்டேன். அணைக்கவே இல்லை.

உன்
அண்ணி