சொந்தக்காரர்கள் எழுந்து போன கூட்டம்

ஜூன் 3
கல்லூரியில் கம்பெனிச் சட்டம் நடத்துகிறேன் என்பதால் போன வருடம் ஒரு பம்ப் கம்பெனி என்னைச் சுயேச்சை இயக்குநராக்கியது; அதாவது, முதலாளி குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத இயக்குநர். பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் நான். "வந்து உக்காந்தாப் போதுமுங்க அம்மணி" என்றார் சேர்மன் பாலுசாமி. உட்கார்ந்திருக்கிறேன். முறுக்கு நன்றாக இருக்கிறது.

ஜூன் 12
அடுத்த கூட்டத்துக்கான தாள்கள் வந்தன. சேர்மன் மகன் மனோஜ்குமாரின் காங்கேயம் எண்ணெய் மில்லைக் கம்பெனி வாங்கப்போகிறதாம். மூடிக் கிடக்கும் மில். பம்பு செய்கிறவர்களுக்கு எண்ணெய் மில் எதற்கு? விலையோ தலைசுற்றுகிறது. எல்லாம் சிறு பங்குதாரர்கள் தலையில். நான் ஒருத்தி எதிர்த்து என்ன ஆகப்போகிறது?

ஜூன் 15
மனோஜ்குமாருக்கு நிச்சயதார்த்தம். பெண், எங்கள் இன்னொரு சுயேச்சை இயக்குநர் ஆறுச்சாமியின் மகள். சுயேச்சை! பந்தியில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

ஜூன் 19
எழுதியே ஆக வேண்டும்.

ஒரு தீர்மானத்தில் சொந்த நலன் உள்ளவர் வெளியேறினார் என்று கம்பெனிச் செயலாளர் பிரவீனா வழக்கமாகக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்வாள். யாரும் எழுந்ததே இல்லை. இன்று மில் விஷயம் வந்ததும், நிஜமாகவே போகலாமே என்றேன். பாலுசாமி சிரித்துக்கொண்டே எழுந்தார். அண்ணன் நிற்க, இயக்குநராக இருக்கும் தம்பி உட்காருவாரா? இன்னொரு இயக்குநரான மைத்துனரும் எழுந்தார். ஆறுச்சாமி நெளிந்தார். "சம்மந்தி வெளிய நிக்க, நான் உள்ள உக்காந்திருந்தா நல்லாருக்குங்களா?" — அவரும் போய்விட்டார்!

மிச்சம் நானும் ஓய்வுபெற்ற ஆடிட்டர் கலீல் ரஹ்மானும். எப்போதும் பெரும்பான்மைப் பக்கம் கை தூக்குபவர். முடிவெடுக்க ரெண்டு பேர் போதுமுங்க மேடம் என்றாள் பிரவீனா. மில் வேண்டாம் என்றேன். கலீல் காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னைக்கு நீங்கதான் பெரும்பான்மைங்க. எனக்கும் வேண்டாமுங்க."

கதவைத் திறந்தால் நால்வரும் கல்யாணப் பந்தல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் பாலுசாமி.

"முடிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

ஸ்கூட்டரில் வீடுவரை பாடிக்கொண்டே வந்தேன். நானா? நானேதான்.

ஜூன் 20
ஒரு போனும் இல்லை. குழுவிலிருந்து என்னை எடுத்துவிடுவார்களோ? எடுக்கட்டுமே. — ஐயோ, வேண்டாம்.

ஜூலை 8
பிரவீனா கூப்பிட்டாள். மில்லை வேறு ஆளுக்கு விற்கப் பேசுகிறார்களாம். அடுத்த கூட்டத்துக்கு வராந்தாவில் நாலு நாற்காலியும் ஒரு ஃபேனும் போடச் சொன்னாராம் சேர்மன்.

"அந்தம்மணி எப்படியும் வெளிய அனுப்பிப்போடுவாங்க. போன தடவை நின்னே காலு நொந்துபோச்சு."