இரண்டு முனையிலும் முள்

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரி இன்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். முன்னறையில் நான் செய்து வைத்திருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரை அவளால் அசைக்கக்கூட முடியவில்லையாம். அதன் அடியில் பெருக்கி மாதக்கணக்காகிறதாம்.

“ஒண்ணு அதைத் தூக்குற மாதிரி பண்ணுங்க. இல்லைன்னா நீங்களும் அதோட பட்டறைக்குப் போயிடுங்க.”

“பட்டறையில எனக்கு யாரு சாப்பாடு போடுவா?”

“அதான் நல்லாப் பாடுதே, அதுகிட்டயே கேளுங்க.”

அவள் சொல்வதும் நியாயம்தான். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிப் பிழைப்பவன். பாட்டுப் பெட்டிக்குப் போட்ட டிரான்ஸ்ஃபார்மரையும் கிணற்று மோட்டார் கனத்தில் கட்டிவிட்டேன். பாட்டு கேட்கலாம், தோட்டத்துக்குத் தண்ணீரும் இறைக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

பெட்டியை இரண்டாக்கிவிட்டேன். பாடுகிற பெட்டி தனி, அதற்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி தனி, நடுவில் ஒரு கேபிள். கேபிளைக் கழற்றி மாட்டும்படி வைத்தால் அவளே ஒவ்வொன்றாக நகர்த்திப் பெருக்கிக்கொள்வாள். ஆனால் அதில் ஓடப்போவது நானூறு வோல்ட், சுவரில் வருவதைவிட ஜாஸ்தி. எந்தக் கனெக்டர் போடுவது?

மைக் கனெக்டர் கையிலேயே இருந்தது. ஆனால் அது கொசுக்கடி அளவு மின்சாரத்துக்குப் பிறந்தது. அதோடு, விவரம் தெரியாத யாராவது நிஜ மைக்கைக் கொண்டுவந்து இதில் செருகினால், பாடுகிறவர் முதல் வரியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார். கம்ப்யூட்டருக்குப் போடுகிற கறுப்புப் பிளக்? வீட்டில் அதே மாதிரி வயர் ஏழெட்டு கிடக்கிறது. எதை எதில் மாட்டுவோம் என்று சொல்ல முடியாது.

வேறு எதிலும் பொருந்தாத ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்ற மண்டைக்கு இது பெரிய யோசனை. யாரும் பாராட்டவில்லை. நானே பாராட்டிக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இவ்வளவு வோல்ட்டில் கை வைக்கும்போது இடது கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சுக்குள் புகுந்து போகும். வீட்டில் போடும் என் கால்சட்டைக்குப் பாக்கெட்டே கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பழைய ஜன்னல் திரையில் ஒரு துண்டு வெட்டி இடது பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மஞ்சள் பூப்போட்ட பாக்கெட்.

“வேற துணியே கிடைக்கலையா?”

“நெஞ்சைக் காப்பாத்தணும்னு சொன்னீங்க. மானத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

மார்ச் 11, புதன்

பழைய சாமான் கடையில் கிடைத்துவிட்டது! ஏதோ பெரிய இயந்திரத்திலிருந்து கழற்றியது. கனமான வட்டக் கனெக்டர், ஏழு பித்தளை முள், இறுக்கித் திருக ஒரு வளையம். ஒரே குறை: பெட்டியில் பதிக்கத் துளை வைத்த பாகம்தான் இருந்தது, கேபிளில் போட முள் வைத்த பாகம்தான் இருந்தது. அதனால் என்ன? இரண்டு பெட்டியிலும் துளை, கேபிளின் இரண்டு முனையிலும் முள். எந்த முனையை எதில் மாட்டினாலும் சரியாக இருக்கும். அவள் யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு வந்த மூளைக்கு நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருக்க வேண்டியவன்.

மார்ச் 13, வெள்ளி

பாடுகிறது. உறுமல் துளி இல்லை. இரண்டு தடவை எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். “கழட்டு, நகர்த்து, துடை, மாட்டு. உன்னாலகூட முடியும்.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாளியும் துடைப்பானுமாக வந்தாள். பாடுகிற பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றினாள். பாட்டு நின்றது. முனையை ஈரத் தரையில் போட்டுவிட்டுப் பெட்டியை நகர்த்தினாள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி, பெட்டி நகர்ந்ததற்கு ஊரைக் கூட்டிப் பந்தல் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தகர வாளியைக் காலால் தள்ளினாள். அடி விளிம்பு கேபிள் முனையில் பட்டது.

டப். நீலமாக ஒரு வெட்டு. ஃபியூஸ் போனது.

வாளியில் கறுப்பாக ஒரு பொட்டு. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி அவளுடைய வெறுங்கால்.

“என்னங்க அது?”

நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

“இவ்வளவு நேரம் வாய் ஓயலையே, இப்ப என்ன? பாட்டு நின்னதும் அணைஞ்சுபோச்சுன்னுதானே நெனச்சேன்.”

“அந்தப் பெட்டி அணையல. கேபிள்ல நானூறும் அப்படியே இருந்துச்சு. நான் பண்ணின தப்பு.”

“கழட்டினப்புறமும் இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்புறம் எதுக்குக் கழட்டுற மாதிரி பண்ணீங்க?”

இந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை.

மார்ச் 16, திங்கள்

பட்டறையில் எல்லோரும் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். யாரையும் கிண்டல் பண்ணவில்லையாம்.

மார்ச் 18, புதன்

சகலை வந்தார். லிஃப்ட் ரிப்பேர் வேலை அவருக்கு. கேபிளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முனையைப் பார்த்தார், மறு முனையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“சகலை, சுவத்துல என்ன இருக்கு?” என்றார்.

“சுண்ணாம்பு.”

“பிளக் மாட்டுற இடத்துல?”

“ஓட்டை.”

“அங்க ஓட்டைக்குப் பதிலா முள்ளு துருத்திக்கிட்டு நின்னா, ஊர்ல எத்தனை பேரு மிஞ்சியிருப்போம்?”

பிறந்ததிலிருந்து எல்லாச் சுவரும் எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கொடுக்கிற பக்கம் துளை, வாங்குகிற பக்கம் முள். நான் இரண்டையும் முள்ளாக்கிவிட்டு எனக்கே கை குலுக்கியிருக்கிறேன். அதுவும் இரண்டு தடவை.

“இது யாருக்காகப் பண்ணினது?” என்று கேட்டார்.

“உங்க மச்சினிக்காகத்தான்.”

“நல்லவேளை, அவமேல உங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல.”

மார்ச் 22, ஞாயிறு

அவள் அந்தப் பெட்டிகளைச் சுற்றி ஒரு கோடு போட்டதுபோல் தள்ளி நின்றே பெருக்குகிறாள். முன்னறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிறாள். எனக்கும் பாட்டு போடக் கை வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி

பட்டறை முடிந்ததும் தினமும் கனெக்டரை மாற்றுகிற வேலைதான். பாடுகிற பெட்டியில் முள், கேபிளின் அந்த முனையில் துளை; இந்த ஜோடியை வேறு கடையில் தேடிப்பிடித்தேன். அந்தத் துளைக்குள் குழந்தை விரல்கூடப் போகாது. சும்மா கிடந்த இரண்டு முள்ளில் ஒரு காவல் வயரும் ஓட்டியிருக்கிறேன். கேபிளை எந்தப் பக்கம் உருவினாலும் ரிலே சுவிட்ச் விழுந்து மின்சாரப் பெட்டி தானே அணைந்துவிடும். உள்ளே தேங்கி நிற்பதும் வடிந்துபோக வழி வைத்தாயிற்று. சகலை வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மார்ச் 29, ஞாயிறு

“அந்த வாளியைக் கொண்டா” என்றேன். கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். பாட்டைப் போட்டேன். இடது கையை மஞ்சள் பூவுக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் வளையத்தைத் திருகிக் கேபிளை உருவினேன். பாட்டு நின்றது. மின்சாரப் பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. முனையை வாளியில் வைத்துத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்து முனையையும் உருவித் தேய்த்துக் காட்டினேன். அதிலும் ஒன்றுமில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். வெகு நேரம் தையல் மெஷின் சத்தம் கேட்டது. சரி, நம்மை நம்பவில்லை, இந்தப் பெட்டி பட்டறைக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தாள். நைட்டியின் இடது பக்கத்தில் ஒரு பாக்கெட், அதே ஜன்னல் திரை, அதே மஞ்சள் பூ.

“நகருங்க” என்றாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, கேபிளை அவளே மாட்டி வளையத்தைத் திருகினாள்.