நாத்தனார் செண்ட்டும் என் மூக்கும்

மார்ச் 3

டாக்டரம்மா எழுதி வரச் சொன்னார். எந்த வாசனை, எப்போது, என்ன ஆச்சு. அஞ்சாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம்!

சோப்புத்தூள் — தலைவலி. பக்கத்து வீட்டுப் பெயின்ட் — நெஞ்சடைப்பு. நாத்தனார் செண்ட் — தலைசுற்றல், குமட்டல், கூடவே ஒரு சண்டை.

மார்ச் 4

சண்டையையும் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தவறிப்போனபிறகு எனக்குத் துணையாக இருக்கத்தான் அவர் தங்கை வந்தாள். தையற்கடையில் வேலை. காலையில் கிளம்பினால், அவளுக்கு முன்னால் அவள் செண்ட் தெருமுனைக்குப் போய்விடும். நான் ஜன்னலைத் திறந்தேன்.

"அண்ணி, செண்ட் பிடிக்கலையா, என்னையே பிடிக்கலையா? நேரா சொல்லிடுங்க."

"உன்னைப் பிடிக்குதுடி. உன் பாட்டிலைத்தான் பிடிக்கல."

அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 7

எப்போது தொடங்கியது என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

துக்கம் கேட்க வந்து தங்கியவர்கள் ஆறுதலோடு மூட்டைப்பூச்சியையும் விட்டுப் போனார்கள். நாத்தனார்தான் மருந்தடிக்க ஆள் கூட்டி வந்தாள். "சாயந்தரம் வரைக்கும் யாரும் உள்ள போகாதீங்கம்மா" என்றார் அந்த ஆள். அவள் கடைக்குப் போனதும் நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவர் படுத்த கட்டில். மருந்து ஈரம் காயாத மெத்தையில் முகம் புதைத்து மதியம் முழுக்க அழுதேன். மூட்டைப்பூச்சி செத்தது. நான் பிழைத்தேன் — முக்கால்வாசி.

அவகிட்ட எப்படிச் சொல்றது? தான் கூட்டிட்டு வந்த ஆளாலதான்னு உடைஞ்சு போயிடுவாளே.

மார்ச் 9

கைக்குட்டையை நீட்டினாள். "செண்ட் போட்டது. மோந்து பாருங்க." மோந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வெறும் தண்ணி அண்ணி!"

மானம் போச்சு. அப்போ நான் நடிக்கிறேனா? எனக்கே தெரியாம நடிக்க முடியுமா?

மார்ச் 10

டாக்டரம்மாவிடம் கட்டில் கதை, கைக்குட்டைக் கதை இரண்டையும் சொன்னேன். மருந்து காரணமாக இருக்கலாம், துக்கமும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அடித்துச் சொல்ல ஒரு டெஸ்ட்டும் இல்லை என்றார். மிரண்டுபோன உடம்பு செண்ட் என்ற பேரைக் கேட்டாலே நடுங்குமாம். "அதுக்காக உங்க அவஸ்தை பொய் இல்லம்மா. நீங்க நடிக்கல."

வராந்தாவில் நின்று நன்றாக அழலாம் என்று நினைத்தேன். பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 12

துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போகிறாளாம். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள், மெத்தை, எல்லாம்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பைத்தியமா அண்ணி உங்களுக்கு? என்னைக் கூப்பிட்டிருந்தா மாடில உக்காந்து ரெண்டு பேரும் அழுதிருக்கலாமே. அவன் என் அண்ணனும்தானே?"

மார்ச் 13

ஒருவருக்கொருவர் முகம் பார்க்கவில்லை. பேசச் சாக்காகத் தண்ணீர் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடித்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து மாடியில் இருந்தாள். பையில் அடுக்கிய துணி முழுவதையும் வெறும் தண்ணீரில் நாலு முறை அலசிக் காயப்போட்டிருக்கிறாள். வியர்த்து வழிய இறங்கி வந்து கதவருகே நின்றாள்.

"பக்கத்துல வரலாமா?"

வந்தாள். வேர்வை வாசம். அவருடையதேதான். இருபத்தாறு வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்த வாசம். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றுபோல இருந்திருக்கிறது, செண்ட் மறைத்திருக்கிறது.

"என்ன அண்ணி, தலை சுத்துதா?"

"இல்லடி. கொஞ்ச நேரம் இப்படியே நில்லு."