நான் இருக்கக் கூடாத மூணு மணி நேரம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேருந்து மூடாப்பு. மழை வர்ற மாதிரி பம்மாத்து காட்டிட்டுப் போயிடுச்சு. கடையில கூட்டம் ஜாஸ்தி. மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து கேட்டு ஆளு மேல ஆளு. கை பூரா மருந்து வாடை, சோப்பு போட்டும் போகல.

யாழினிக்கு 17ஆம் தேதி பதினாறு முடியுது. ஞாயித்துக்கிழமை. ஆவணி ஒண்ணு வேற. சாப்பிடறப்ப கேட்டேன், பொறந்த நாளுக்கு இன்னா வேணும்னு. போன வருஷம் வரைக்கும் புதுத் துணி, கோயில், கேக்கு. அவ்ளோதான்.

"பார்ட்டிப்பா. நம்ம வூட்லயே. புது ஸ்கூல் ஃபிரண்ட்ஸ் மட்டும். ஏழு பேரு. மூணுலேருந்து ஆறு."

"சரி. நான் பஜ்ஜி கிஜ்ஜி போட்டு..."

"நீ இருக்கக் கூடாதுப்பா."

வாயில சோறு. முழுங்கிட்டு ஏன்னு கேட்டேன்.

"எல்லாம் கேர்ள்ஸ். நீ இருந்தா பேச மாட்டாளுங்க. நீயும் சும்மா இருக்க மாட்ட. எத்தினி மார்க்கு, அப்பா இன்னா பண்றாருன்னு ஆரம்பிச்சிடுவ."

உண்மைதான். ஆரம்பிச்சிடுவேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். முதுகு வலி. செய்ய வேண்டியது:

– கேக்கு. பிளாக் ஃபாரஸ்ட், ஒரு கிலோ. மேல "யாழ்"னு மட்டும் எழுதினா போதுமாம். பேரு வச்சவன் நான். பாதிய வெட்டிட்டா.
– பலூன். வெள்ள, தங்கக் கலரு, கருப்பு. நல்ல நாள்ல கருப்பு வேணாம்னேன். ஒரு பார்வ பார்த்தா. சரி, கருப்பு.
– சிக்கன் ரைஸ், கடையில. ரெஹானான்னு ஒரு பொண்ணு வருது, அதனால ஹலால் கடை எதுன்னு எங்க கடை பாய்கிட்ட கேக்கணும்.
– ஹால் ஃபேன் கத்துது. எண்ணெய்.
– பாத்ரூம் தாழ்ப்பா.
– கொடியில கெடக்கிற என் லுங்கி, பனியன் எல்லாம் கண்ணுல படக் கூடாது (யாழினி உத்தரவு).
– நான் எங்க போறது?

கடைசிய எழுதிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கினு இருந்தேன். கடை ஞாயிறு லீவு. பாய் என் முதலாளி, அவர் வூட்டுக்குக் கணக்கு நோட்டோடதான் போயிருக்கேன், உக்கார போனதில்ல. கூட்டாளின்னு செல்வம் இருந்தான், ஓசூர் போயிட்டான். வேற? நாப்பத்தேழு வயசு. இந்தக் கள்ளக்குறிச்சியில பதினெட்டு வருஷம். மத்தியானம் மூணு மணிக்குப் போயி கதவத் தட்டுனா "வாய்யா"ன்னு சொல்ல ஒரு வூடு இல்ல. இது எனக்கே இன்னிக்கிதான் தெரியுது. கேவலமா இருக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லேசா தூறல். இன்னிக்கி நான் பண்ணது பெரிய தப்பு.

ஏழு பொண்ணுங்க வூட்டுக்கும் போன் போட்டுச் சொல்லணும், இல்லன்னா அனுப்ப மாட்டாங்கன்னு யாழினி நம்பர் எழுதிக் குடுத்தா. மொத வூடு:

"யாழினி அப்பாவா? சொல்லுங்க. வூட்ல லேடீஸ் யாரு இருப்பாங்க?"

நான் இருக்க மாட்டேங்க, கவலப்படாதீங்கன்னேன். அது இன்னும் மோசமாப் போச்சு. "அப்ப வயசுப் பொண்ணுங்க தனியாவா இருக்கும்? யோசிச்சு சொல்றேங்க." வச்சிட்டாங்க.

ரெண்டாவது வூடும் அதே கேள்வி. கேக்கத்தான் செய்வாங்க. நானா இருந்தாலும் கேப்பேன். ஆம்பள மட்டும் இருக்கிற வூட்டுக்கு யாழினிய அனுப்புவேனா? மாட்டேன்.

மூணாவது ரெஹானா அம்மா. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே வாய் தானா சொல்லிடுச்சு: "அவங்க அம்மா இருப்பாங்கங்க."

"அப்பிடியா, சந்தோஷம். அவங்ககிட்ட குடுங்களேன், ஒரு வார்த்த பேசிடறேன்."

"குளிச்சிக்கினு இருக்காங்க."

அப்புறம் ஏழு வூட்டுக்கும் அதேதான். மொத ரெண்டு வூட்டுக்கும் திருப்பிப் போட்டுச் சொன்னேன். எல்லாரும் சரின்னுட்டாங்க.

யாழினி அம்மா சு. வெள்ளிமலையில இருக்கா. மலை மேல உண்டு உறைவிடப் பள்ளியில டீச்சர். ரெண்டு வருஷம் ஆச்சு. முழுப் பேரு எழுதறத விட்டும் அவ்ளோ நாள் ஆச்சு. யாரு கேட்டாலும் "டிரான்ஸ்ஃபர்"னு சொல்றோம். டிரான்ஸ்ஃபர்தான். பொய் இல்ல. ஆர்டர் வந்த அன்னிக்கி வேலைய விடுன்னேன், மாட்டேன்னா. "போறதுன்னா ஒரேடியாப் போ"ன்னு கத்துனேன். யாழினி கதவாண்ட நின்னுக்கினு இருந்தா. ஸ்கூலுக்காக யாழினி இங்க தங்கிட்டா. மாசம் ஒரு ஞாயிறு மலைக்குப் போயிட்டு வருவா. நான் பஸ் ஏத்தி விடுவேன். அதோட சரி.

ஆகஸ்ட் 9, சனி

அக்காவுக்குப் போன், நைனார்பாளையம். ஒரு நாள் வந்து இரேன்னு. அன்னிக்கிதான் கொழுந்தன் வூட்டுல காதுகுத்தாம். "உன் பொண்டாட்டி இன்னாத்துக்கு இருக்கா?"ன்னு வேற கேட்டுது.

சாயங்காலம் யாழினி வந்தவுடனே பையக்கூட எறக்கல.

"அம்மா இருப்பாங்கன்னு சொன்னியா?"

"ஆமா."

கத்துவான்னு பார்த்தேன். கத்தல. "அப்ப கூப்புடு."

"நீ கூப்புடேன். நீதான தெனம் பேசற."

"நான் சொல்லல. நீ சொன்ன. நீயே போயி கூப்புடு. போன்ல வேணாம்." கொஞ்ச நேரம் கழிச்சு ரூமுக்குள்ளேருந்து: "அவங்க வரலன்னா கேன்சல் பண்ணிடலாம். பரவாயில்லப்பா."

அந்தப் பரவாயில்லதான் தாங்கல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை பஸ்ஸு. கச்சிராயபாளையம் தாண்டினதும் குளிரு. முன் சீட்ல ரெண்டு பொம்பளைங்க கோழியோட. நான் இந்த ரோட்டுல வர்றது இதான் மொத தடவ. ரெண்டு வருஷத்துல.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி குவார்ட்டர்ஸ். வாசல்ல உக்காந்து ஹாஸ்டல் பொண்ணு ஒண்ணுக்குத் தலை சீவிக்கினு இருந்தா. என்னப் பார்த்ததும் சீப்பு நின்னுடுச்சு.

"யாழினிக்கு ஒண்ணும் இல்லியே?"

ஒண்ணும் இல்லன்னேன். அந்தப் பொண்ண அனுப்பிட்டு பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட்டா. சாமை உப்புமா குடுத்தா. நல்லா இருந்துச்சு, சொல்லல. மெலிஞ்சிருக்கா. கண்ணாடி போட்டிருக்கா. அது எனக்குத் தெரியாது, யாழினி சொல்லவே இல்ல.

எல்லாத்தையும் சொன்னேன். குளிச்சிக்கினு இருக்காங்கன்னு சொன்னதையும் சொன்னேன்.

"ரெண்டு வருஷமாவா குளிக்கிறேன்?"ன்னா. சிரிச்சிட்டா. நானும் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பேரும் சட்டுனு நிறுத்திட்டோம்.

"பொறந்த நாளுக்குக் கூப்புடுறீங்களா, இல்ல ஒரு லேடீஸ் வேணும்னு கூப்புடுறீங்களா?"

இதுக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்துச்சு. அது கொழந்தைக்கும் தெரியும். நான் சொன்னது: "ரெண்டுக்கும்தான்."

தட்ட எடுத்துக்கினு உள்ள போயிட்டா. "யோசிச்சு சொல்றேங்க." தண்ணி விழற சத்தம். ஒரு தட்டு கழுவ அவ்ளோ நேரம்.

எறங்கறப்ப பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சுது. வாயப் பத்தி மட்டும் நெனச்சுக்கினு வந்தேன். என் வாயப் பத்தி.

ஆகஸ்ட் 13, புதன்

புழுக்கம். பதில் இல்ல. ரெண்டு தடவ போன எடுத்து வச்சிட்டேன். பாய்: "இன்னாய்யா, கத்திரிக்கு அடிக்கிற மருந்த மஞ்சளுக்குக் குடுக்கற, எங்க இருக்க நீ?" சொன்னேன், பார்ட்டி வரைக்கும், மத்தத விட்டுட்டு. "எங்கயும் போவ எடம் இல்லன்னா கடைச் சாவி வச்சிக்க, உள்ள ஃபேன் போட்டுக்கினு படு"ன்னாரு. நல்ல மனுஷன். ஆனா பூச்சிமருந்து நடுவுல படுத்துக்கினு... வேணாம்.

ஃபேனுக்கு எண்ணெய் விட்டாச்சு. இப்ப வேற மாதிரி கத்துது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏத்திட்டு வந்த யாழினி, சட்டையில குத்தின கொடியக் கழட்டிக்கினே: "அம்மா வர்றாங்களாம். கடையில சிக்கன் ரைஸ் வாங்க வேணாமாம், அவங்களே பண்றாங்களாம். பாசுமதி ரெண்டு கிலோ வாங்கி வையி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"மலைக்கே போயிட்டு வந்தேனே!"

"அதக் கேக்கல நானு. அப்புறம் ஒரு போன் போட்டுக் கேட்டியா?"

பாசுமதி, பட்டை, கிராம்பு, பெரிய வெங்காயம் வாங்கியாச்சு. சு.வோட தலகாணி உறைய வெயில்ல போட்டேன். அவ தங்கப் போறதில்ல. சும்மா போட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நல்ல வெயில். ஆவணி பொறந்தாச்சு. எல்லாம் ஒழுங்கா எழுதிடறேன், பின்னாடி மறந்துடும்.

பத்தரைக்கு சு. வந்தா. யாழினி மாடிப்படில ரெண்டு ரெண்டு படியா எறங்கி ஓடினா. வூட்டுக்குக் கீழ குடோன்ல மூட்ட எறக்கறவங்க எல்லாம் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

சு. சமையக்கட்டுக்குள்ள நின்னு ஒரு சுத்து பார்த்தா. "எல்லாம் வச்ச எடத்துலயே இருக்குது."

"எனக்கு எடம் மாத்த வராது"ன்னேன்.

நான் வெங்காயம் உரிச்சேன், அவ அரிஞ்சா. ஒரு மணி நேரம். பேசினது பூரா வெங்காயத்தப் பத்தி. "பொடிசா வேணுமா?" "நீட்டமாவே இருக்கட்டுங்க." "கண்ணு எரியுதா?" "கண்ணாடி போட்டா எரியாது." ரெண்டு வருஷத்துல இதான் நல்ல மணி நேரம்.

ரெண்டே முக்காலுக்கு யாழினி வந்து சட்டையப் புடிச்சு இழுத்தா. "அப்பா. டைம்."

படியில ரெஹானாவும் அவங்க அம்மாவும் ஏறி வந்தாங்க. "அம்மா இருக்காங்களா?" "மேல இருக்காங்கங்க, போங்க." உண்மையச் சொல்ல எவ்ளோ லேசா இருக்குது.

பஸ் ஸ்டாண்டு. டீ. மூணு பத்து. தியாகதுருகம் பஸ் நின்னுது, ஏறிட்டேன். ஒரு காரியமும் இல்ல. எறங்கி கோட்ட மலை அடிவாரத்துல ஒரு பாறையில உக்காந்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் வந்து "யாருக்காகக் காத்துக்கினு இருக்கீங்க?"ன்னாரு. ஆறு மணிக்காகன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு.

நாலரைக்கு யாழினி போட்டோ அனுப்பினா. கேக்கு, கருப்பு பலூன் (நல்லாத்தான் இருக்குது), எட்டு பொண்ணுங்க, நடுவுல சு. கன்னத்துல கிரீம். ரெண்டு விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். பெத்தவன் எங்கன்னு அந்தப் போட்டோவப் பார்த்து யாருக்கும் கேக்கத் தோணாது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆடுங்கதான் இருந்துது, அழுதேன்.

அழுதுட்டு ஒரு வாக்கியம் தயார் பண்ணேன். "அன்னிக்கி நான் சொன்னது தப்பு, சுமதி." அஞ்சே வார்த்த. பஸ்ல திரும்பி வர்ற வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கினே வந்தேன். பக்கத்துல இருந்தவரு எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாரு.

ஆறு மணிக்கு வூடு. பொண்ணுங்க போயாச்சு. சு. பையக் கட்டிக்கினு இருந்தா. ஆறரைக்கு மலைக்குக் கடைசி பஸ்ஸு. யாழினியும் ஒரு பையோட நின்னா.

"அம்மாகூட போறேம்பா. நாளைக்கி ஒரு நாள் லீவு. ப்ளீஸ்."

போயிட்டு வாம்மான்னேன். வேற இன்னா சொல்றது, பொறந்த நாளு. ரெண்டு பையையும் நானே தூக்கிக்கினு போனேன். வழியெல்லாம் யாழினிதான் பேசினா, யாரு எப்பிடி சிரிச்சா, யாரு மூணு தடவ சோறு கேட்டான்னு. என் அஞ்சு வார்த்தைக்கு எடமே கெடைக்கல.

பஸ்ல ஏறி ஜன்னலாண்ட உக்காந்தாங்க. நான் கீழ. டிரைவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு, கண்டக்டர் இன்னும் விசில் அடிக்கல. சு. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு பின்னால திரும்பிப் பார்த்தா. அப்புறம் என்னப் பார்த்தா.

"பின்னாடி எடம் இருக்குதுங்க."

யாழினி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

நான் சொன்னேன்: "வூட்ட பூட்டல."

சு. தலைய ஆட்டினா, சரின்ற மாதிரி. விசில். பஸ் திரும்பி ரோட்டுக்குப் போயிடுச்சு. ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். தர்பூசு விக்கிறவன் தள்ளுங்கன்னான், தள்ளி நின்னேன்.

வூடு பூட்டிதான் இருந்துச்சு. நான்தான் பூட்டினேன், ரெண்டு தடவ இழுத்துப் பார்த்து. சாவி சட்டப் பையில.

இப்ப ஏழே கால். பலூன் ஒண்ணொண்ணா எறங்குது. சட்டியில சோறு எனக்குன்னு மூடி வச்சிருக்கா, எடுக்கல. சு.வுக்கு மெசேஜ் போட்டேன்: "வூடு பூட்டிதான் இருந்துச்சு. நாளைக்கி மொத பஸ்ஸுக்கு நான் வரட்டுமா சுமதி?"

ஒரு டிக்கு. பஸ்ஸு மலை ஏறி முடிக்கிற வரைக்கும் சிக்னல் கெடைக்காது.

ஏழு நாப்பது. ஒரு டிக்குதான்.