கபர்ஸ்தான் வாசல் வரைக்கும்

தென்காசி
ஜூலை 14

அன்பு மகன் உசாமாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நீ சுகமாக இருக்கணும். இங்கே சுகம் என்று எழுத வரவில்லை, அடுப்பு எரிகிறது, சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். போனில் பேசினால் வாப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதான் எழுதி, ஷார்ஜா வருகிற பரீது கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் அண்ணன் ஆசிப் லாரியில் அடிபட்டு மவுத்தாகி நேற்றோடு நாற்பது நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அவன் சட்டையைத் துவைத்து மடித்தேன், பிறகுதான் யாருக்கு என்று தோன்றியது. அன்றைக்கு அவனைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கிய வாப்பா பத்து எட்டு போகவில்லை, முதுகு பிளக்குது என்று உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், மருந்தில் பிரஷரை இறக்கி வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உனக்குத் தெரியும். மகன் கபரில் மூணு பிடி மண் போட அவர் இல்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாலாம் நாளே நடக்க வைக்கணும் என்று, நடை பழக்குகிற பிசியோ பிள்ளை ஜெயசித்ரா சொன்னாள். நீ போனில், அசையவிடாதீங்க உம்மா, குழாய் வெடிச்சிரும், வாப்பாவும் போயிருவாங்க என்று அழுதாய். பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நான் அவளிடம் காலையில் நடந்தார், சாயங்காலம் நடந்தார் என்று பொய் சொல்லி, படுக்கையிலேயே வைத்து ஊட்டினேன். அவரும் சுவரைப் பார்த்தே கிடந்தார். சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. ஜெயசித்ரா அவர் காலைப் பிடித்துப் பார்த்து, இது நடந்த கால் இல்லைம்மா என்றாள். உண்மையைச் சொன்னேன், அவள் திட்டவில்லை. பிரஷர் அடங்கி இருக்கையில நடக்கதும் மருந்துதாம்மா, படுத்தே கிடந்தா வேற வழியில போயிருவாங்க என்றாள். அப்புறம் அவரிடம், வீட்டுக்குப் போயி எங்கன நடந்து போகணும் மாமா என்று கேட்டாள். அதுவரை வாய் திறக்காத மனுஷன், எம் பிள்ளைட்ட என்றார்.

முதல் நாள் கட்டிலில் காலைத் தொங்கவிட்டது, அப்புறம் கட்டிலைச் சுற்றி, வீட்டுக்கு வந்து தெருமுனை வரை. போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை நானே பிரஷர் மிசின் கட்டிப் பார்க்கிறேன். டாக்டர் சொன்ன நூற்றிருபதுக்கு மேலே ஏறினால் அன்றைக்கு நடை கிடையாது. பாரம் தூக்கக் கூடாது, தொழுகையும் நாற்காலியில்தான்.

நேற்று சாரல் விட்டதும் கபர்ஸ்தானுக்குப் போனோம். பொம்பளைகள் உள்ளே போவதில்லை, குடையோடு வாசலில் நின்றேன். குனியாதீங்க என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து மிசின் கட்டக் கையை நீட்டினார், நகத்துக்குள்ளே மண். பட்டையைச் சுற்றினேன். நூற்றுப் பதினெட்டு காட்டியது.

உன்னைக் குத்தம் சொல்ல இதை எழுதவில்லை. நீ பயந்து சொன்னாய், நான் பயந்து கேட்டேன். இது வாரிசுக்கும் வரலாம், பெற்ற பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ பிரஷர் பார்த்து நம்பரை அனுப்பு. உம்மாவுக்கு இப்போது அந்த நம்பர் படிக்கத் தெரியும்.

உனக்கு நீண்ட ஆயுசு தரச் சொல்லி ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கும்
உன் உம்மா
ஷமீம் பானு